மஞ்சள் நீர் சாய்ந்த பக்கம்

"தூக்கி எறிஞ்சிருவேன்னு சொன்னாரா இல்லியா? கோயில் வாசல்ல, மைக்குக்கு முன்னால—"

"கோவத்துல சொன்னதுட்டி அது. அவுக ரெண்டு பேரும் எப்பவும் அப்படித்தான—"

"சொன்னாரு, செஞ்சாரு. எம் புருசன் உள்ள மெசின் விடுத மூச்சுல கெடக்காரு—"

"ஒனக்குப் புருசன் ஆகுததுக்கு முன்னால எனக்குத் தம்பிட்டி அவன். எம்வீட்டு மனுசன் எந்தம்பியக் கொல்லுவாரா?"

"அப்ப வேற யாரு மைனி கொன்னா?"

"இன்னும் சாகல அவன். வாயக் கழுவுட்டி."

செம்பூரின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது. நர்ஸ் இந்தியில் ஒருமுறை, மராட்டியில் ஒருமுறை அதட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நடுவில் நின்றவன் சுதன். சண்டையில் மூத்தவளான மாடத்தியின் ஒரே மகன். வாடகைக் கார் ஓட்டுகிறவன். அம்மாவையும் அத்தையையும் விலக்கிவிடக் கையை நீட்டுவதும் நீட்டிய கையை இழுத்துக்கொள்வதுமாக இருந்தான்.

"ரெண்டு பேரும் ஒரே சமயத்துல பேசினா நான் எந்தக் காதால கேக்கறது?"

குரல் பெரிதாக இல்லை. ஆனாலும் இரண்டு பெண்களும் நிறுத்தினார்கள்.

படியேறி வந்தவள் வாலாம்பாள், எல்லோருக்கும் மாமி. வாகன இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் நசுங்கின வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். ஓய்வு பெற்ற பிறகு மாட்டுங்கா வீட்டு முன்னறையில் 'விசாரணை நிலையம்' என்று பலகை மாட்டி உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னால், பையையும் குடையையும் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்தவன் அவளுடைய உதவியாள் ஜெயினுலாப்தீன். தாராவியில் பிறந்து வளர்ந்தவன். அவனை மாமி ஜெயினு என்பாள்.

"லிஃப்ட் இருக்கு மாமி," என்றான் ஜெயினு. "ஏறி முடிச்ச பொறவு சொல்லுதேன், அடுத்த தடவைக்கு ஆகும்."

மாமியை வரவழைத்திருந்த மாடத்தி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, எங்க வீட்டுக்காரர மத்தியானம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாகளாம். கொலை முயற்சியாம். கோர்ட்டுல அப்படிச் சொல்லிட்டா அவுகள வெளிய விட மாட்டாகளாம். எந்தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா கொலைன்னே மாத்திருவாகளாம். யாரு செஞ்சான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. எவனா இருந்தாலும் சரி, எங்கையால இழுத்துட்டுப் போயி ஸ்டேஷன்ல விடுதேன்."

"எவனா இருந்தாலுமா?"

"எவனா இருந்தாலும்."

மாமி பெஞ்சில் உட்கார்ந்தாள். "நேத்து நடந்ததை ஒருத்தர் சொல்லுங்கோ. ஒருத்தர்தான்."

சொன்னது தமிழ்செல்வனின் மகள் கீதா. அப்பா உள்ளே கிடக்கிறார். அம்மா பிரபாவதி அத்தையோடு சண்டை போடுகிறாள். இவள் மட்டும் சுவரோரம் அழாமல் நின்றிருந்தாள்.

"தாராவியில எங்க அம்மன் கோயில்ல கொடைத் திருவிழா, மாமி. நேத்து கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. இப்போ பாதிக் குடும்பம் தாராவிய விட்டு செம்பூர் பில்டிங்குக்கு வந்தாச்சு. இங்கயும் ஒரு சின்னக் கோயில் வச்சிருக்காங்க. மஞ்சத் தண்ணிய இங்கயும் கொண்டாரணும்னு அத்தை வீட்டு இசக்கிமுத்து மாமா சொன்னாங்க. அம்மனோட தண்ணி தாராவி எல்லை தாண்டக்கூடாதுன்னு அப்பா சொன்னாங்க. அதுல சண்டை. அப்பத்தான் மாமா அந்த வார்த்தையச் சொல்லிட்டாங்க."

"அப்புறம் அப்பாவே அந்தத் தண்ணி டெம்போவில ஏறினாராமே?"

"ஊரே கொண்டு போகச் சொல்லிருச்சு. அப்படின்னா அண்டாவ நாந்தான் பிடிச்சுட்டு வருவேன், ஒரு சொட்டு சிந்த விட மாட்டேன்னு பின்னால ஏறி நின்னாங்க. மாமா ஓட்டுனாங்க. இங்க செம்பூர்ல, மேம்பாலம் எறங்குன இடத்துல..." கீதா நிறுத்தினாள். "அப்பா டெம்போவுக்குப் பின்னால ரோட்டுல கெடந்தாங்க."

"பாத்தவா யாரும் இல்லையா?"

"எல்லாரும் முன்னால கோயிலுக்கு வந்துட்டாங்க, சத்தம் கேட்டுத் திரும்பி ஓடுனப்ப மாமாவும் அப்பாவும்தான் இருந்தாங்க. அங்க இருந்த கேமராவ மெட்ரோ வேலைக்காகக் கழத்தி வச்சிருக்காங்களாம்."

"அண்டாவுக்கு மூடி உண்டா?"

பதில் சொன்னது மாடத்தி. "மஞ்சத் தண்ணிய மூடலாமா மாமி? சாமி குத்தம். மூடவும் கூடாது, குறையவும் கூடாது. விளிம்பு தட்ட ஊத்தி, மேல வேப்பிலைய மிதக்க விட்டுத்தான் கொண்டு போகணும்."

மாமி அந்தப் பதிலை ஒருமுறை மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "விளிம்பு தட்ட. மூடி இல்லாம." பிறகு எழுந்தாள். "ஜெயினு, கிளம்பு. ஸ்டேஷனுக்கு."

"சுதன் தம்பி, உன் காருல விட்டுருதியா?" என்று கேட்டான் ஜெயினு.

"காரு கோபர்கைரனேல ஒரு கேரேஜுல கெடக்கு அண்ணே. சர்வீஸு."

"அடுத்த முகூர்த்தத்துல உனக்குக் கல்யாணம்னு சொன்னாகளே. மாப்பிள்ளை காரு இல்லாமலா போவே?" ஜெயினு அவனை மேலும் கீழும் பார்த்தான். "வெயில்ல எல்லாரும் சட்டையக் கழட்டி எறியணும்னு இருக்கானுவ. நீ கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டியிருக்கே. இப்பவே மாப்பிள்ளை ஒத்திகையா?"

சுதன் சிரிக்க முயன்றான். கீதா அவனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணம் அவர்கள் இருவருக்கும்தான்.

"அந்தப் பேச்சே இனிமே கெடையாது," என்றாள் பிரபாவதி. "என் மவளக் கொலைகாரன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

*

சப்-இன்ஸ்பெக்டர் பெட்ணேகருக்கு வாலாம்பாளை இன்சூரன்ஸ் நாட்களிலிருந்தே தெரியும். மராட்டியில் 'மாவ்ஷி', அதாவது சித்தி, என்று கூப்பிட்டு நாற்காலி போடுவார். அவள் சொல்வதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"மாவ்ஷி, இதுல கண்டுபிடிக்க ஒண்ணுமே இல்ல. அவனோட வாக்குமூலமே அவனுக்கு எதிரி. நாய் குறுக்கே வந்தது, பிரேக் அடிச்சேன், மச்சான் விழுந்துட்டார்ங்கறான். ட்ரெயின்ல நிக்கறோம், பிரேக் போட்டா எந்தப் பக்கம் விழறோம்?"

"முன்பக்கம்."

"இந்த ஆள் விழுந்தது பின்பக்கம். அப்போ வண்டி நிக்கல. சட்டுனு முன்னால பாஞ்சிருக்கு. மெதுவாப் போய்க்கிட்டு இருந்தவன் வேணும்னே ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கான். கால் வண்டியோட முன்னால போச்சு, உடம்பு பின்னாலேயே நின்னு போச்சு. காலையில சொன்னதைச் செஞ்சுட்டான்."

"சரியாத்தான் சொல்றேள்," என்றாள் மாமி.

ஜெயினுவின் முகம் விழுந்தது. "மாமி, நம்ம கட்சி எது?"

"உண்மை கட்சி. நடடா, வண்டியைப் பார்ப்போம்."

முதலில் லாக்கப்பைப் பார்த்தார்கள். இசக்கிமுத்து கம்பிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொடைக்குக் கட்டிய காப்பு இன்னும் கையில் இருந்தது.

"நாய் வந்துச்சு. பிரேக்க அடிச்சேன். மச்சான் விழுந்துட்டாரு," என்றார், கேட்பதற்கு முன்பே.

"உங்க சம்சாரம் அழுதுண்டிருக்கா. நீங்க சொல்லாம விட்டது ஏதாவது—"

"வீட்டுல ஒண்ணு மட்டும் சொல்லிருங்கம்மா. சுதன் இந்தப் பக்கம் வர வேண்டாம். கல்யாண வேலையப் பாக்கட்டும்." அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டெம்போ பின்முற்றத்தில் நின்றது. பழைய வண்டி. அன்னதானத்துக்கு ஏற்றின அரிசி மூட்டைகள் அப்படியே இருந்தன. நடுவில் கயிற்றால் கட்டிய அண்டா, பாதிக்குக் கீழே தண்ணீர். பின்கதவு முட்டளவு உயரம். அந்தக் கதவின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் மஞ்சளாக வழிந்து காய்ந்திருந்தது.

"பாருங்க," என்றார் பெட்ணேகர். "தண்ணியும் பின்பக்கம். ஆளும் பின்பக்கம். ரெண்டும் ஒரே சாட்சி."

மாமி ஏறினாள். ஏறுவதற்கு ஜெயினுவின் தோள் தேவைப்பட்டது. அவள் பின்கதவைப் பார்க்கவே இல்லை. ஓட்டுநர் கேபினை ஒட்டிய முன்தகரத்துக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"பெட்ணேகர், இங்க வாங்கோ. இது என்ன?"

முன்தகரத்தில் இலேசாக, தெறித்தாற்போல மஞ்சள். அதன்மேல் வேப்பிலைகள். ஒன்றிரண்டு அல்ல. கொத்துக் கொத்தாக ஒட்டிக் காய்ந்திருந்தன.

"காத்துல பறந்து ஒட்டியிருக்கும்."

"ஓடற வண்டியில காத்து இலையைப் பின்னாலன்னா தள்ளும்? முன்னால எப்படி வரும்?"

பெட்ணேகர் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"பின்கதவுல இலை இருக்கா, பாருடா ஜெயினு."

ஜெயினு குனிந்து பார்த்தான். "ஒரு இலை கெடையாது மாமி. வெறும் தண்ணிதான். நல்லா வழிஞ்சிருக்கு."

"இலை எங்க மிதக்கும்?"

"மேல."

"நிரம்பின அண்டா முதல் தடவை ஆடினா எது முதல்ல வெளியில போகும்?"

"மேல உள்ளது." சொல்லி முடிப்பதற்குள் ஜெயினுவுக்குப் புரிந்துவிட்டது. "அட. முதல்ல முன்னால சிந்தியிருக்கு. இலை எல்லாம் அதோட போயிருச்சு. பொறவுதான் பின்னால."

"ரெண்டு ஆட்டம்," என்றாள் மாமி. "முதல் ஆட்டம், வண்டி சட்டுனு நின்னுது. தண்ணி ஓடிண்டிருந்த வேகத்துல முன்னால போய்த் தகரத்துல அடிச்சுது. அவர் சொன்னது பொய் இல்லே, பெட்ணேகர். நாய் வந்தது, பிரேக் போட்டார். அது வரைக்கும் நிஜம்."

"அப்புறம் ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கான்."

"மிதிச்சுப் பாக்கலாமே," என்றாள் மாமி.

*

ஸ்டேஷன் வாசலில் வெங்காய மூட்டை ஏற்றின ஒரு டெம்போ நின்றிருந்தது. அதே ரகம், அதே வயது, ஏறக்குறைய அதே பாரம். நோ பார்க்கிங்கில் பிடித்து வைத்த வண்டி. சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிக்காட்டினால் போதும் என்று பெட்ணேகர் சொன்னதும் அதன் டிரைவருக்குப் பாதி உயிர் வந்தது.

ஜெயினு பின்னால் ஏறி மூட்டைகளுக்கு நடுவில் நின்றான். கையில் டீ கிளாஸ், விளிம்பு வரைக்கும்.

"மாமி, எட்டாங்கிளாஸ்ல விசைப் பாடம் நடத்துன அன்னைக்கெல்லாம் எனக்குக் காய்ச்சல். அதுக்கு அந்த வாத்தியாரு விட்ட சாபம் இப்பப் பலிக்குது."

"டீயைக் குடிச்சுடாதே. அதுதான் சாட்சி."

வண்டி ரோட்டில் ஊர்ந்தது. மாமி கையைக் காட்டினாள். டிரைவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தார். என்ஜின் உறுமியது, கறுப்புப் புகை வந்தது, டெம்போ மட்டும் பெரிய மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது போல நிதானமாக வேகம் எடுத்தது. டீ பின்பக்கம் சாய்ந்து ஜெயினுவின் கட்டைவிரலை நனைத்தது. அவ்வளவுதான்.

"இதுல எறும்பு கூட விழாது ஸாப்," என்று கத்தினான் ஜெயினு.

மாமி அடுத்த கையைக் காட்டினாள். பிரேக். டீ முழுவதும் பறந்துபோய்க் கேபின் தகரத்தில் அடித்தது. அதன் பின்னாலேயே ஜெயினுவும் போனான். வெங்காய மூட்டை அவனைத் தாங்கிக்கொண்டது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பாத்தேளா?" என்றாள் மாமி, பெட்ணேகரிடம். "நிக்கறது நின்னுண்டே இருக்கத்தான் பாக்கும். ஓடறது ஓடிண்டே இருக்கத்தான் பாக்கும். அதை மாத்தணும்னா விசை வேணும். பாரம் ஜாஸ்தின்னா விசையும் ஜாஸ்தி வேணும். இத்தனை மூட்டையை இந்தக் கிழட்டு என்ஜின் திடீர்னு முன்னால தூக்கி எறியாது. அதுக்கு அவ்வளவு பலம் கிடையாது."

"அப்போ அண்டாத் தண்ணி பாதிக்கு மேல பின்பக்கம் கொட்டினது?"

"வெளியிலேர்ந்து வந்த விசை. பிரேக் போட்டு வண்டி நின்னுது. தமிழ்செல்வன் முன்னால சாய்ஞ்சு, சமாளிச்சுண்டு பின்னால நிமிர்ந்திருப்பார். அதே சமயத்துல பின்னாலேர்ந்து ஒரு வண்டி வந்து இடிச்சிருக்கு. டெம்போ முன்னால போச்சு. தண்ணியும் அவரும் இருந்த இடத்துலயே தங்கிட்டா. முட்டளவுக் கதவு எப்படித் தாங்கும்?"

பெட்ணேகர் திரும்பிப் போய் இசக்கிமுத்துவின் டெம்போவின் அடியில் குனிந்து பார்த்தார். பின்சட்டத்து இரும்பு உள்வாங்கி வளைந்திருந்தது. நேற்றே பார்த்ததுதான். பழைய வண்டி, பழைய வளைவு என்று விட்டிருந்தார். இப்போது விரலால் தடவிப் பார்த்தார். வளைவில் துரு இல்லை. பளபளத்தது.

"மாவ்ஷி, இது யூகம். இடிச்ச வண்டி எங்கே? அது இல்லாம நான் கோர்ட்டுல வேப்பிலையைக் காட்ட முடியாது." கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாடு முடிஞ்சதும் வேன் கிளம்பும். அதுக்குள்ள அந்த ஆளைக் கொண்டாங்க. இடிச்சது விபத்துன்னு அவனே வந்து சொன்னா, இந்த ஆளு ராத்திரிக்கு வீட்டுல இருப்பான்."

*

ஆட்டோவில் ஜெயினு தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். வெங்காய வாசனை ஆட்டோவை நிறைத்திருந்தது.

"இடிச்ச வண்டியும் அதே அளவு அடி வாங்கியிருக்கும். அது தெரியும் மாமி. ஆனா பம்பாயில மூக்கு நசுங்காத வண்டி எது? வாஷிலேர்ந்து டோம்பிவிலி வரைக்கும் ஒவ்வொரு கேரேஜாத் தேடினா, கீதாவுக்குப் பொறக்குத பிள்ளைக்கே கல்யாணம் ஆயிரும்."

"வண்டியைத் தேடாதே. மனுஷாளைத் தேடு. வண்டி முட்டி நின்னுடுத்து. உள்ளே இருந்தவன் நின்னானா?"

"நிக்க மாட்டான். முன்னால போவான். கண்ணாடியில முட்டிக்கிடுவான்."

"பெல்ட் போட்டிருந்தா?"

"பெல்டு பிடிச்சு நிறுத்தும். நிறுத்துன இடத்துல நெஞ்சு கன்னிப் போயிரும்." ஜெயினு தோள்பட்டையைத் தடவிக்கொண்டான். "வாடகைக் கார்க்காரன் எல்லாம் ஃபைனுக்குப் பயந்து பெல்டு போடுவானுவ."

சொன்ன பிறகு, சொன்னதைத் தானே கேட்டவன் போல தடவிய கையைத் தோளிலேயே நிறுத்தினான்.

மாமி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஊர்ல பின்னாலேர்ந்து வந்து இடிச்சவனைத் திட்டாத டிரைவரை நீ பாத்திருக்கியா?"

"அம்மா அக்கா எல்லாரையும் இழுக்காம விட மாட்டானுவளே."

"இசக்கிமுத்து ஒரு வார்த்தை பேசலே. தன்னை ஜெயில்ல போடறான்னு தெரிஞ்சும், பின்னால வந்து இடிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லலே. ஏன்?"

ஜெயினு துண்டை மடித்துப் பைக்குள் வைத்தான். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

"டாக்ஸி ஓட்டுத வீட்டுல, கொடை முடிஞ்ச மறுநாளே கார் கேரேஜுல கெடக்கு. மே மாசத்துல கழுத்துப் பட்டன். மாமி, அந்தம்மா எவனா இருந்தாலும்னு சொல்லிச்சே."

"சொன்னா."

"நாம வேணும்னா திரும்பிப் போயிருவமா?"

"வேன் கிளம்பிடுமேடா."

*

மாடத்தி படிக்கட்டிலேயே காத்திருந்தாள். "கெடைச்சானா மாமி?"

"உங்க வீட்டுக்காரர் தள்ளலே. அது நிச்சயம். பின்னாலேர்ந்து ஒரு கார் இடிச்சிருக்கு."

மாடத்தி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தன்பாட்டில் வழிந்தது. பிறகு திரும்பி, நடைவழி முழுக்கக் கேட்கும்படி, "கேட்டியாட்டி பிரபா? காருட்டி. எவனோ காருக்காரன்," என்றாள். பெஞ்சில் இருந்த பிரபாவதி தலை நிமிர்ந்தாள். நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் மாமியைப் பார்த்தாள்.

"இடிச்சுட்டு ஓடிட்டானே பாவி," என்றாள் மாடத்தி. "ஒரு மனுசன் ரோட்டுல கெடக்காரு, எறங்கிப் பாத்தானா? அவன் வீட்டுல பெத்தவ ஒருத்தி இருக்க மாட்டாளா? சொல்லுங்க மாமி, எங்க இருக்கான்?"

சுதன் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தான். விரல் கழுத்துப் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தது.

ஜெயினு அவன் பக்கத்தில் போனான். சிநேகமாகத் தோளில் கை போடுகிற மாதிரி, வலது தோளில் கையை வைத்து அழுத்தினான். பலமாகக்கூட இல்லை.

சுதன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கவாட்டில் சாய்ந்தான்.

"எலே, என்னல?" என்று மாடத்தி அவனைத் தாங்கிக்கொண்டாள். "என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லம்மா. கொடையில கூட்டத்துல இடிபட்டுச்சு."

"வலது தோள்லேர்ந்து இடது இடுப்பு வரைக்கும், சாய்வா, பட்டையா ஒரு இடி," என்றாள் மாமி மெதுவாக. "கூட்டத்துல அப்படிப் படாது தம்பி. ஸ்டியரிங்குக்குப் பின்னால உக்காந்தாத்தான் படும்."

மாடத்தி மகனைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி, அவன் கழுத்துப் பட்டனை அவளே கழற்றினாள். அடுத்த பட்டன். அடுத்தது.

வாரின் அகலத்துக்குக் கருநீலமாக, தோளிலிருந்து குறுக்கே இறங்கிப் போனது அது.

"போன்ல சவாரி வந்துச்சும்மா," என்றான் சுதன். குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. "ஒரு நிமிசம் குனிஞ்சேன். நிமிந்து பாக்கேன், டெம்போ நிக்குது. பிரேக்க மிதிச்சேன். நிக்கல. மாமா எங்காரு பானெட்டுலதாம்மா விழுந்தாங்க. என்னையப் பாத்துக்கிட்டேதான் விழுந்தாங்க."

"ஏன்ல ஓடுனே?"

"அப்பா எறங்கி வந்தாங்க. போயிருலேன்னு கையக் காட்டுனாங்க. மாமாவ நான் பாத்துக்கிடுதேன், நீ போ, கீதாவ நெனச்சுக்கோன்னாங்க. நான் போயிட்டேம்மா. ராத்திரி முழுக்கத் திரும்பிப் போயிரணும்னுதான் இருந்துச்சு. கால் வரல."

நடைவழியில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். மாடத்தி மகனை இழுத்துச் சுவரோரம் ஒதுக்கினாள்.

"மாடத்தி," என்றாள் மாமி. "இப்போ போய்ச் சொன்னா இது விபத்து. ஓடினது தப்பு, அதுக்குத் தண்டனை உண்டு. ஆனா கொலை முயற்சி இல்லே. சொல்லலேன்னா உங்க வீட்டுக்காரர் கொலைகாரர்ங்கற பேரோட வேன்ல ஏறுவார். பெட்ணேகர் காத்துண்டிருக்கார். நீங்கதானே சொன்னேள், எவனா இருந்தாலும்னு?"

மாடத்தியின் விரல்கள் மகனின் சட்டைக்குப் போயின. கீழ்ப் பட்டனை மாட்டினாள். அடுத்ததை மாட்டினாள். கழுத்துப் பட்டனை மாட்டும்போது இரண்டு முறை தவறியது. மாட்டிவிட்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க மாமி."

"மாடத்தி—"

"இந்தக் கேஸு எனக்கு வேண்டாம். ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிருங்க."

"அக்கா," என்றான் ஜெயினு. "அண்ணாச்சி உள்ள இருக்காருக்கா."

"அவுக முடிவு பண்ணுனது அது. அவுகளுக்குத் தெரியும் என்ன பண்ணுதாகன்னு." அவள் கண்கள் காய்ந்து போயிருந்தன. "எனக்கு இருக்கது இவன் ஒருத்தந்தான். போங்க. உங்க கால்ல விழுதேன், போங்க."

"அங்க என்ன மைனி ரகசியம்?" பிரபாவதி பெஞ்சிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள். "அந்தக் காருக்காரன் யாருன்னு சொன்னாங்களா?"

மாடத்தி மகனுக்கு முன்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவு திறந்தது. கீதா வெளியே வந்தாள். நேற்றிலிருந்து அழாதவள் இப்போது அழுதுகொண்டே சிரித்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகச் சுதனிடம் வந்தாள்.

"அப்பா ஹோஷுக்கு வந்து கண்ண முழிச்சுட்டாங்க அத்தான். மெசினக் கழத்துனதும் பேசிட்டாங்க. மொதல்ல உங்களத்தான் கேட்டாங்க. சுதனுக்கு அடி ஒண்ணும் படலியே, காரு ரொம்ப வேகமா வந்துச்சேன்னு. எனக்கு ஒண்ணுமே புரியல. நீங்க அங்க இல்லியே அத்தான், உங்களுக்கு எப்படி அடி படும்?"